மவுஸின் வயிற்றில் சந்தனம்

திரையில் ஒரு மேனுவலைத் திறந்துவைத்துக்கொண்டு, மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிக் கீழே இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றாகிவிட்டது, எவர் எப்படி உருட்டினால் எனக்கென்ன என்று இருக்கலாம். முடியவில்லை. போன வாரம் வங்கியில் கவுன்டருக்கு உள்ளே ஒரு பெண் ஏதோ விதிமுறைப் பக்கத்தை அப்படித்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "கன்ட்ரோல் எஃப் அமுக்குமா, தேடித் தரும்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவர், "வந்த வேலையப் பாக்கறத வுட்டு" என்று முனகினார். அவருக்கு என்ன தெரியும், என் வேலையே அதுதானே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின்களின் மேனுவல்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது. முதலில் எல்லாம் அலமாரி அலமாரியாகக் காகிதம். பிறகு கம்பெனிக்குள்ளேயே ஓடும் ஓர் இணையதளத்தில் அத்தனையையும் ஏற்றினோம். ஏற்றியவள் நான்தான். இப்போது அதே நாற்காலிக்கு வந்திருக்கிற நீங்கள், "ஷார்ட்கட்டெல்லாம் சொல்லிக் குடுங்க மேடம்" என்று கேட்கிறீர்கள். சொல்வதற்கு அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்லாஷ் அழுத்தினால் தேடும் பெட்டி. 'என்' எழுத்துக்கு அடுத்த பக்கம், 'பி' எழுத்துக்கு முந்தைய பக்கம். ஸ்பேஸ் தட்டினால் ஒரு திரை கீழே, ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் ஒரு திரை மேலே. ஆல்ட்டோடு இடது அம்பு என்றால் வந்த வழியே திரும்பலாம். அரை நாளில் விரலுக்குப் பழகிவிடும். விரல் பழகிய பிறகு புத்தி எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மவுஸ் வைக்க இடம் இல்லாததால் வந்த வித்தை இது. மெஷின் வரிசையை லைன் என்போம். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர். அந்த மேஜையில் கம்ப்யூட்டருக்கு உள்ள உரிமை கொஞ்சம்தான். ஷிஃப்ட்டில் இருக்கிற அத்தனை பேரின் டிபன் பாக்ஸும் அங்கேதான் இருக்கும். மவுஸை யாருடைய ரசத்தின் மேல் ஓட்டுவது? கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் மவுஸ் ஓடாது, விரல் ஓடும்.

என்னைப் பார்த்து ஒரு புதுப் பையன் கற்றுக்கொள்ளக் கிளம்பினான். இன்ஜினீயரிங் முடித்தவன், சுறுசுறுப்புக்குக் குறைச்சல் இல்லை. ஒரு நாள் ஓடி வந்து, "மேடம், சைட்டு அவுட்டு, அடுத்த பக்கமே போவ மாட்டேங்குது" என்றான். போய்ப் பார்த்தால் தேடும் பெட்டிக்குள் ரயில் நீளத்துக்கு வரிசையாக 'என்' எழுத்து. பெட்டிக்குள் நின்றுகொண்டு எதை அழுத்தினாலும் அது பெட்டிக்குள்தானே விழும். எஸ்கேப் அழுத்தி வெளியே வா என்றேன். "அத நீங்க சொல்லவே இல்லியே மேடம்" என்றான். உண்மைதான், சொல்லவில்லை. உள்ளே போகிறவனுக்கு வெளியே வரத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்குச் சொல்லிவிட்டேன், நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது.

இருக்கிற கீகளில் எனக்கு உயிரானது ஹோம். ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்தின் உச்சிக்குப் போய் நிற்கும். உச்சியில்தான் அந்தப் பக்கம் எந்த மெஷினுக்கானது என்று எழுதியிருக்கும். பக்கத்தைத் திறந்ததும் முதலில் அதைத் தட்டும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு கருவாட்டுக் குழம்பு.

என் முதல் வேலை காக்களூரில், ஒரு சின்ன யூனிட்டில். அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தார். பெயர் வேண்டாம், இன்னும் உயிரோடு இருந்தால் கோபித்துக்கொள்வார். நல்ல பசியில் ஒரு மத்தியானம் கையில் கிடைத்த டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. வீட்டில் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டும் விட்டார். அது முதலாளிக்கு வீட்டிலிருந்து வந்த பத்தியச் சாப்பாடு. அங்கே முதலாளியின் மேஜையில் இவருடைய கருவாட்டுக் குழம்பு திறந்து கமகமத்துக்கொண்டிருந்தது. முதலாளி முட்டைகூடத் தொடாதவர். இரண்டு கேரியரும் ஒரே அச்சு, ஆனால் இரண்டின் மூடியிலும் பெயர் வெட்டியிருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் எதைத் திறப்பதென்றாலும் முதலில் மூடியைப் பார்ப்பார். மெஷின் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார். நான் நேராக நடுப்பக்கத்தைப் பிரித்தால் கத்துவார்: "யார் ஊட்டுப் பாத்திரம்னு பாத்துட்டுத் தொறம்மா." எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் பார்த்துவிடுவேன். திரைக்கு வந்தபோது அந்த மூடிதான் ஹோம் கீ ஆயிற்று.

இனி கதைக்கு வருகிறேன்.

எங்கள் மூன்றாவது லைனில் முனிரத்தினம் என்று ஓர் ஆபரேட்டர். ஆரம்பாக்கத்துக்காரன், காலை ரயிலில் வருவான். ஒப்பந்தத்தில் சேர்ந்தவன், பல வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். ஊரில் அண்ணன் தம்பிகளுக்குச் சேர்ந்து நெல் வயல் உண்டு. இந்த முறையும் நிரந்தரம் ஆகவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வயலைப் பார்க்க வா என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். முனிரத்தினத்துக்கு அது கசந்தது. "நெல்லு நான் பாக்கலன்னாலும் வெளையும்க்கா. இந்த மிசினு அப்டியா? நான் ஒரு நாளு லீவு போட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிது" என்பான். அவனுடைய நிரந்தர உத்தரவு மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மேனேஜர், "ஆயுத பூஜை முடியட்டும். அடுத்த நாள் லைன் நல்லபடியா ஓடிடுச்சுன்னா அன்னைக்கே போட்டுடறேன்" என்று சொல்லியிருந்தார்.

மேனேஜர் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். தினமும் நெற்றியில் செங்குத்தாக ஒற்றைக் கோடு, நூல் பிடித்துப் போட்டாற்போல அவ்வளவு நேராக இருக்கும். பேன்ட்டில் மடிப்பு, பேச்சில் கறார், கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டார். கெட்டவர் இல்லை. காகிதத்தை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் திரையில் ஏற்றியதில் மட்டும் என்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல்.

பூஜையன்று லைனை நிறுத்திக் கழுவித் துடைத்தோம். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிற பொறுப்பு முனிரத்தினத்துக்கு. அவன் வைத்தால் ஒவ்வொன்றும் அப்பளம் அளவு இருக்கும். சந்தனத்தைக் கை நிறைய அள்ளி அப்புவான், நடுவில் கட்டைவிரலால் குங்குமத்தை ஒரு குத்துக் குத்துவான். கேட்டால், "சாமிக்கு தூரத்துலேர்ந்து தெரியணுமேக்கா" என்பான். கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பொட்டலம் கட்டி, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறு வேலை நாள் காலை லைனைச் சூடேற்றி ஓடவிட்டோம். குழாய் வழவழவென்று வந்தது. முனிரத்தினம் புதுச் சட்டை போட்டிருந்தான். மேனேஜர் கண்ணாடி அறைக்கு வந்து திருப்தியாக உட்கார்ந்து டீயை வாயில் வைத்தார். அலாரம் அடித்தது.

லைன் பேனலில் சிவப்பாக ஒரு நம்பர். அது என்ன நம்பர், எதற்காக வந்தது என்று மேனுவலைப் பார்த்தால்தான் தெரியும். இங்கே ஒன்று புரிந்துகொள்ளுங்கள். குழாய் செய்யும் பொருள் மெஷினின் வயிற்றுக்குள் உருகிய நிலையில் இருக்கும், ஒரு பெரிய ஸ்க்ரூ சுழன்று அதை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். நகர்ந்துகொண்டிருக்கிறவரை நல்லது. சூட்டோடு ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அடிப்பிடித்துக் கருகும், ஸ்க்ரூவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மொத்தத்தையும் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான். அதே சமயம் வேறு சில கோளாறுகளுக்கு ஸ்க்ரூவை உடனே நிறுத்தாவிட்டால் அது உடைந்தே போகும். ஆக நிறுத்தலாமா கூடாதா என்பதுதான் கேள்வி, அந்தப் பொத்தான் முனிரத்தினத்தின் கைக்குக் கீழே இருந்தது.

மேனேஜர் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி அசையவில்லை. இழுத்தார், தள்ளினார், தூக்கித் தட்டினார். திரையில் ஒரு சலனமும் இல்லை.

"ஹேங் ஆயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன். காகிதமா இருந்திருந்தா இந்நேரம் பிரிச்சிருக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சீறினார்.

"சார், மவுஸ விடுங்க" என்று சொல்லி, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். மேனேஜரின் தலைக்கு மேல் கை நீட்டுவது மரியாதையில்லைதான், ஆனால் நாற்காலியை விட்டு அவரை எழுப்ப நேரம் இல்லை. ஸ்லாஷ், நம்பர், என்டர். முதலில் வந்த பக்கம் திறந்தது. கன்ட்ரோல் எஃப், மறுபடி நம்பர், என்டர். பக்கம் ஒரே தாவலில் அந்த நம்பரிடம் போய் நின்றது. 'ஸ்க்ரூவை உடனே நிறுத்தவும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மேனேஜர் அதைப் படித்தார், படித்த வேகத்தில் கதவுப் பக்கம் திரும்பினார். "முனிரத்தினம், நிறுத்துப்பா."

முனிரத்தினத்தின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "இன்னாக்கா, நிறுத்தவா?"

நிஜமாகச் சொல்கிறேன், என் வாயிலும் 'நிறுத்து' என்றுதான் வந்தது. பக்கம் சொல்கிறது, மேனேஜர் சொல்கிறார், அலாரம் காதைக் கிழிக்கிறது. ஆனால் வாய் திறப்பதற்குள் என் விரல் பழக்க தோஷத்தில் எஸ்கேப்பையும் ஹோமையும் தட்டிவிட்டது. பக்கத்தின் உச்சி வந்தது. 'லைன் ஒன்று' என்று இருந்தது.

நாங்கள் நிற்பது மூன்றாவது லைன். லைன் ஒன்றில் இருப்பது வேறு கம்பெனி செய்த வேறு மெஷின். ஒரே நம்பர் அங்கே ஒரு கோளாறு, இங்கே வேறொரு கோளாறு. நாங்கள் திறந்தது அடுத்தவன் டிபன் பாக்ஸ்.

"இரு, தொடாத" என்று கையைக் காட்டினேன்.

"என்னம்மா இரு? பக்கத்துலதான் போட்டிருக்கே" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

"அது நம்ம பக்கம் இல்ல சார்."

ஸ்லாஷ், நம்பர், கூடவே 'லைன் மூன்று', என்டர். இந்த முறை முதலில் ஹோம். லைன் மூன்று என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கன்ட்ரோல் எஃப். ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் உருளையான பேரலைக் குளிர்விக்கும் ஃபேனில் கோளாறு. ஸ்க்ரூவை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. ஹீட்டரை அணைத்து, வேகத்தைக் குறைத்து, கழுவும் மெட்டீரியலைப் போட்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளவும். நான் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தேன். முனிரத்தினம் ஒவ்வொன்றாகச் செய்தான்.

"தப்பா போச்சுன்னா யார் பொறுப்பு?" என்று மேனேஜர் கேட்டார்.

"படிச்சவ நான், நானே பொறுப்பு சார். அவன் மேல போடாதீங்க."

மெஷின் வாயில் முதலில் மஞ்சளாக வந்தது. அப்புறம் பழுப்பாக வந்தது, மூக்கைப் பிடுங்கும் நெடியோடு. முனிரத்தினம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேகத்தைத் திருகிக்கொண்டிருந்தான். மெதுவாகப் பழுப்பு வெளுத்தது. வெள்ளையாக வந்ததும் அவன் புதுச் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொழச்சிச்சிக்கா" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் பயம் தெளிந்தால் சிலருக்குக் கோபம் வரும். மேனேஜருக்கு வந்தது. "இந்த மவுஸுக்கு என்ன கேடு?" என்று அதை என் கையில் திணித்தார். திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் ஓட்டையை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வெளிச்சத்தை அடைத்துவிட்டால் அம்புக்குறி எப்படி நகரும்?

"பூஜைக்குப் பொட்டு வெச்சது யார்? முனிரத்தினந்தானே?" மேனேஜரின் குரல் லைன் முழுக்கக் கேட்டது. "ஒரு மெஷினே போயிருக்கும். இவ்வளவு பொறுப்பில்லாதவனுக்கா நான் கையெழுத்துப் போடணும்?"

முனிரத்தினம் கதவருகில் வந்து நின்றான். "நான் மிசினுக்கு மட்டும்தான் வெச்சன் சார். ரூம்புக்குள்ளாறவே போவல" என்றான். நம்புகிற முகமாக மேனேஜரின் முகம் இல்லை. முனிரத்தினம் என்னைப் பார்த்து, "இன்னாக்கா இது பேஜாரு" என்று மெதுவாகச் சொன்னான்.

அலாரம் அடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பதறவில்லை. ஏனென்றால் சந்தனத்தின் நடுவில் இருந்த குங்குமத்தை நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். வட்டமாக இல்லை. அந்தக் கையை நான் தினமும் பார்க்கிறேன். "நீங்கதான் சார்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் அந்த மனிதர் குன்றிப்போவார், குன்றிய கை கையெழுத்துப் போடாது. வாயை மூடிக்கொண்டால் முனிரத்தினம் நாளைக்கு வயலில் நிற்பான். இதற்கு எந்த மேனுவலில் ஸ்லாஷ் அழுத்துவது?

"சார், இதுவும் யார் பக்கம்னு பாத்துடுவோம்" என்று மட்டும் சொன்னேன். மவுஸை எடுத்துக்கொண்டு லைன் பேனலுக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். பேனலில் முனிரத்தினம் வைத்த பொட்டு அப்பளம் அளவுக்கு அப்படியே காய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் மவுஸைத் திருப்பிப் பிடித்தேன். மவுஸில் சந்தனம் சின்னதாக, சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல். நடுவில் செங்குத்தாக ஒற்றைக் கோடு, நூல் பிடித்துப் போட்டாற்போல.

மேனேஜர் பேனலைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார். அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சுற்றி நின்ற எல்லோருடைய கண்ணும் அந்தக் கையோடு கூடவே போயிற்று.

யாரிடமும் இல்லாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "மேல வெச்சா கை பட்டு அழிஞ்சுடுமேன்னு நெனச்சேன்."

முனிரத்தினம் சொன்னான், அவ்வளவு பணிவாக:

"கரெக்டுதான் சார். அழியவே இல்ல பாருங்க."

முதலில் சிரித்தது மேனேஜர்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு லைனே சிரித்தது. அவர் அந்த இடத்திலேயே உத்தரவை எடுத்துவரச் சொல்லி, பேனல்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். முனிரத்தினம் காகிதத்தை வாங்கிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு கண்ணாடி அறைக்கு வந்தார். உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் நின்று, "எங்கம்மா வெக்கட்டும்?" என்று கேட்டார். நான் ஹோம் கீயைக் காட்டினேன். நூல் பிடித்தாற்போல வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கீபோர்டு மாறிவிட்டது, மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். முனிரத்தினம் மட்டும் அதே மூன்றாவது லைனில் இருக்கிறான். வருஷா வருஷம் அந்தக் கீக்குச் சந்தனம் வைக்கிற பொறுப்பு இப்போது அவனுடையது, அவன் கைக்கு ஹோமோடு பக்கத்துக் கீகளும் சேர்ந்து மூழ்கிவிடுகின்றனவாம். புதிதாக வருகிற ஆபரேட்டர்களுக்கு அவன் நடத்தும் வகுப்பு மொத்தமே ஒரு வரிதான் என்று போனில் சொன்னான். நான் இவ்வளவு நேரம் வளவளத்ததைவிட அது தேவலை, அதையே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

"அலாரம் அட்ச்சா, மஞ்சளா கீறத மொதல்ல அமுக்கு. அப்பாலிக்கா கத்து."